ஏழு வந்தால் ஏன் ஓடி வருகிறார்கள்?

மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். செவிலியர் அவருடைய அளவுகளைக் குறிக்கிறார். மூச்சு நிமிடத்திற்கு 22. இரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 105. நாடித்துடிப்பு 112. உடல் வெப்பநிலை 38.4 டிகிரி செல்சியஸ். நினைவு தெளிவாக இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் எந்த எண்ணும் நம்மைப் பதற வைக்கவில்லை, அல்லவா?

இப்போது கூட்டிப் பார்ப்போம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், பெரியவர்களுக்கான ஒரு மதிப்பெண் முறையை 2012-இல் வெளியிட்டு, 2017-இல் திருத்தியது. இயல்பான அளவுக்கு 0. அதிலிருந்து விலக விலக 1, 2, 3. செயற்கையாக ஆக்சிஜன் தரப்பட்டால் மேலும் 2. நம் நோயாளிக்குத் தரப்படவில்லை. அவர் பெறுவது: மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, அழுத்தத்திற்கு 1, நாடிக்கு 2, வெப்பநிலைக்கு 1, நினைவுக்கு 0. மொத்தம் 7. மொத்தம் 5 அல்லது 6 என்றால் மருத்துவர் விரைந்து பார்க்கவேண்டும். 7 என்றால் அவசரச் சிகிச்சைக் குழுவே உடனே வரவேண்டும்!

இந்தக் கூட்டலைக் கணிப்பொறி நொடியில் செய்துவிடும். ஆனால் 22 என்பதை யாரேனும் 12 என்று பதிந்துவிட்டால்? 12 இயல்பான எண், மதிப்பெண் 0. மொத்தம் 5 ஆகக் குறைந்துவிடும். அவசரக் குழு வராது. கணிப்பொறி தவறான எண்ணையும் அதே வேகத்தில் கூட்டும்!

ஆகவே, “சற்றுமுன் 21 இருந்ததே, இப்போது 12 சரிதானா?” என்று திரும்பக் கேட்கும்படி திட்டம் அமைக்கவேண்டும். எங்கே, எந்த அவசரத்தில் தவறு நேரும் என்பது வார்டில் நின்றவருக்குத்தான் தெரியும். செவிலியர் பணியையும் கணிப்பொறி அறிவையும் இணைக்கும் இத்துறையே செவிலியத் தகவலியல். 1992-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

இதற்குப் பயிற்சி எப்படி? மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். பிறகு நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங். 2021-இல் வெளியான இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் தகவலியலும் ஒரு பாடம். அடுத்து வார்டு அனுபவம். அதன்மேல் புள்ளியியல், தரவுத்தளம், நோயாளியின் இரகசியம் காக்கும் முறைகள் ஆகியவற்றைக் கற்கவேண்டும்.

ஒரு கணக்கு: நம் நோயாளியின் நாடி 88 ஆக இறங்கினால் அதற்கு 0. மற்றவை மாறவில்லை. மொத்தம் எவ்வளவு? யார் வரவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்!