விழாத் தேநீரும் நியாய விலையும்

விழாக் குழுவினர் கூடித் தேநீர் விருந்தின் செலவுப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது, எம்முடைய உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எழுந்து ஒரு வேண்டுகோளை முன்வைத்தனர். பொருளியற் பாடத்திலே நியாய வணிகம் என்னும் பகுதியை யாம் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. விழாவன்று வழங்கப்படும் தேநீராவது, கொழுந்து பறித்தவர்க்கு நியாயமான ஊதியம் கொடுத்துப் பெற்ற தேயிலையினால் ஆயதாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். குழுவினர் புன்னகையுடன் இசைந்தனர். இசைந்ததோடு நில்லாது பொறுப்பையும் எம் தலையிலேயே ஏற்றினர். தேயிலை விளையும் நாட்டில் நியாயமான தேயிலை ஐந்து கிலோ வாங்குவது ஒரு காரியமோ என்று எண்ணி யாமும் ஏற்றுக்கொண்டோம். அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்வதிலேயே ஒரு தவணை முழுதும் கழிந்தது. அத்தவணையிற் கற்றவற்றைப் பழைய மாணவரும் இன்று பயில்வோரும் அறிதல் நன்றென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

வணிகருக்குரிய ஒழுக்கத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். விலை என்பது சந்தையின் விவகாரம் மாத்திரமன்று என்னும் கருத்து எமக்குப் புதியதன்று என்பதற்கு இவ்வைப்பு முறையே சான்று. வாங்குபவனும் அவ்வறத்துக்கு உட்பட்டவனே என்னும் எண்ணம் பொதுமக்களிடையே பேரியக்கமாக எழுந்தமைக்கு எடுத்துக்காட்டு வேண்டின், 1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்ஸ் கொணர்ந்த பிரேரணையைப் பாராளுமன்றம் அவ்வாண்டு தள்ளிவிடவே, வில்லியம் ஃபொக்ஸ் என்பார் வெளியிட்ட சிறு பிரசுரமொன்று, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சீனியை உண்ணாதீர் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. இலட்சக்கணக்கானோர் சீனியைத் துறந்தனர். அவர்கள் சீனியின்றிக் குடித்தது தேநீரே என்பதை மாணவர் குறித்துக்கொண்டனர்.

இன்று நாம் நியாய வணிகம் என்று சொல்லும் முத்திரை முறை 1988 நவம்பரில் நெதர்லாந்திலே தொடங்கிற்று. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மலைகளில் வாழும் சிறு கோப்பி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தோடு பணியாற்றிய பிரான்ஸ் வான் டெர் ஹொஃப் என்னும் குருவானவரும், நிக்கோ ரூஸன் என்பவரும் அதனை உருவாக்கினர். அம்முத்திரைக்கு மாக்ஸ் ஹவலார் என்று பெயரிட்டனர். அது, யாவாவிலே டச்சு ஆட்சியின் கீழ்க் குடியானவர் பட்ட துன்பத்தைச் சொல்லி 1860-ல் வெளிவந்த நாவலின் பெயர். கோப்பியில் தொடங்கிய முறை தேயிலைக்கும் பரவிற்று. பிரித்தானியாவில் 1994-ல் முதன்முதல் நியாய வணிக முத்திரை தாங்கிய பொருள்களுள் கிளிப்பர் தேயிலையும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் லங்காஷயரின் கார்ஸ்டாங் என்னும் சிற்றூர் தன்னை உலகின் முதல் நியாய வணிக நகரென அறிவித்துக்கொண்டது. பின்னர்ப் பாடசாலைகளும் அவ்வழி சென்றன. எம் மாணவரின் ஊக்கத்துக்கு வித்திட்டது கார்ஸ்டாங் வரலாறே.

முத்திரையின் செயல்முறையை இங்கே சற்று நிதானமாக விளக்குதல் வேண்டும். சந்தை விலை எவ்வளவு தாழ்ந்தாலும் உற்பத்தியாளருக்குக் கிடைத்தே தீரவேண்டிய அடிவிலை ஒன்று உண்டு. அதற்கு மேல் சமூகக் கொடை எனத்தக்க மிகைத்தொகை ஒன்று உண்டு. தேயிலைக்கு அது பல்லாண்டாகக் கிலோவுக்கு அரை அமெரிக்க டொலர். சிறு விவசாயிகளாயின் அத்தொகை அவர்தம் சங்கத்துக்குச் செல்லும். கூலியாள் வைத்து நடத்தும் பெருந்தோட்டமாயின் அது தோட்ட நிர்வாகத்தின் பணப்பெட்டிக்குச் செல்லலாகாது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவொன்றே அதனை எவ்வாறு செலவிடுவதென்று முடிவு செய்யும். தோட்டம் சான்றிதழ் பெறுவதற்கும் ஆண்டுதோறும் தணிக்கைக்கும் கட்டணம் செலுத்தும். இவை யாவும் நன்றே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முத்திரை பெற்ற தோட்டத்தின் தேயிலை முழுவதற்கும் மிகைத்தொகை வாராது. முத்திரையின் பெயரால் வாங்குவோன் எத்தனை கிலோ வாங்கினானோ அத்தனைக்கே வரும். எஞ்சியது மற்றத் தேயிலையோடு தேயிலையாக விற்கப்படும்.

இனி எம் முயற்சிக்கு வருவோம். நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம். சிங்கமும் யானையும் ரோசாவும் பொறித்த பொதிகள் இருந்தன. நியாய வணிக முத்திரை மாத்திரம் எம் கண்ணிற் படவில்லை. கடைக்காரர் ஒருவர், "அதெல்லாம் வெளிநாட்டுக்குப் போற சாமான், மாஸ்டர்" என்றார். அவர் கூறியதில் உண்மை உண்டு. இலங்கைத் தேயிலையிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகின்றது. முத்திரை, வாங்கும் நாட்டானின் மனச்சாட்சிக்காக வாங்கும் நாட்டில் ஒட்டப்படுவது. கண்டிப் பகுதியின் சிறு அங்கக விவசாயிகள் சங்கத்தைப் போல முத்திரையோடு தேயிலை விளைவிப்போர் நம் நாட்டிலே இருக்கின்றனர். எனினும் அவர்தம் சரக்குத் தேடிச் செல்லும் அடுக்கு ஐரோப்பாவிலே உள்ளது. விளைவிக்கும் நாட்டில் நியாயமாக வாங்க விரும்புவோனுக்கு அடையாளம் யாதும் இல்லை.

சினங்கொண்ட மாணவர் சிலர், அங்ஙனமாயின் விழாவிலே தேநீரே வேண்டா, கோப்பி வழங்குவோம் என்றனர். (கோப்பியை யார் பறித்தார் என்று எவரும் வினவவில்லை.) அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுந்தான். அவனுடைய குடும்பம் 1977 வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கு வந்த குடும்பம். "நாங்கள் குடியாமல் விட்டால் என் பாட்டியின் தங்கைக்குப் பேர் விழாது, சேர்" என்று கூறி அமர்ந்தான். பேர் விழுதல் என்பது இன்னதென்று வகுப்பிற் பலர் அறியார். செக்றோலிலே ஒரு நாள் வேலை பதிவாதலையே தோட்ட மக்கள் அவ்வாறு சொல்வர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவர்க்கு அரைப்பேர். நாள்தோறும் மும்முறை அவர்கள் பறித்ததைக் குடிக்கும் வடபுலத்தார் அவர்தம் பேச்சில் ஒரு சொல்லும் அறியாதிருந்தோம் என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்ளுதல் முறை. அவர்களைக் குறிக்க நாம் வழங்கிய சொற்களை இங்கு எழுதக் கை கூசுகின்றது.

ஆதலின் விடுமுறையில் ஹற்றனுக்குச் சென்றோம். நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் அதிகாரி அன்புடன் இடங்கொடுத்து மலையையும் தொழிற்சாலையையும் காட்டினார். வாடுதல், அரைத்தல், புளித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் ஆகியவற்றை மாணவர் வரிசையாகக் கண்டனர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தூளாகச் சுருங்குகின்றது. தொழிற்சாலை முகப்பிலே சான்றிதழ் முத்திரைகள் இரண்டு மூன்று பொறித்த பலகை ஒன்று தொங்கியது. மலையில் நிறுவைக்குக் காத்திருந்த அம்மையாரொருவரிடம் அப்பலகையைப் பற்றி வினவினோம். "மருந்து அடிக்கிற ஆளுக கைக்கு உறை போடணும், மூஞ்சிக்குத் துணி கட்டணும்னு அந்தப் பலகை வந்தப்புறந்தான் கண்டிப்பு ஆச்சுங்க சார். அது நல்லதுதான். சம்பளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். நூல்களிலே பக்கம் பக்கமாக எழுதப்பட்டதை அவர் மூன்று வாக்கியங்களிற் சொல்லிவிட்டார். சான்றிதழ்கள் பல வகைப்படும்; சூழலையும் பாதுகாப்பையும் நோக்குவன சில, அடிவிலையையும் மிகைத்தொகையையும் விதிப்பன சில. பொதியின் மேல் எல்லாம் ஒன்றுபோலவே பச்சையாகத் தோன்றும்.

அன்றிரவு தங்குமிடத்திலே கணக்கிட்டோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வெளியான நாட்கூலி 1,350 ரூபா. பறிக்கவேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ எனக் கொண்டோம். அது நான்கு கிலோத் தூள். கோப்பை ஒன்றுக்கு இரண்டு கிராம் வீதம் இரண்டாயிரம் கோப்பைத் தேநீர். எனவே ஒரு கோப்பையிற் கொழுந்து பறித்த கைக்குச் சேர்வது 67½ சதம். அன்று மாலை ஹற்றனில் யாம் ஒவ்வொருவரும் வெறுந்தேநீருக்குக் கொடுத்தது நாற்பது ரூபா. மிகுதி முழுவதும் தோட்டத்துக்கு இலாபம் என்று எவரும் அவசரப்பட்டு எண்ணலாகாது. அவ்வாண்டு கொழும்பு ஏலத்தின் சராசரி கிலோவுக்கு 1,200 ரூபாவை அண்டியிருந்தது. நான்கு கிலோவுக்கு 4,800. அதிலிருந்தே கூலியும், அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்குமான பதினைந்து விழுக்காடும், உரமும், விறகும், ஏனைய வேலையாட்களும் செல்லல் வேண்டும். ஏலத்துக்கு அப்பால், கலந்து பொதிசெய்து பெயரிட்டு விற்பவரிடத்தே விலை எத்தனை மடங்காகின்றது என்பது வேறொரு பாடம்.

பின்னர் நியாய வணிகத்தின் மிகைத்தொகையைக் கணக்கிட்டோம். நான்கு கிலோவுக்கு இரண்டு டொலர். டொலர் 300 ரூபா எனின் 600 ரூபா. நாட்கூலியின் பாதிக்குச் சிறிது குறைவு! மாணவர் கைதட்டினர். ஆனால் முன் சொன்ன நிபந்தனை நினைவிற்கு வந்தது. அத்தோட்டத்துத் தேயிலையில் இருபதில் ஒரு பங்கே முத்திரையின் பெயரால் விற்பதாக வைத்துக்கொள்வோம். அறுநூறு, முப்பது ஆகிவிடும். அதுவும் கையிற் கிடைப்பதன்று. தோட்டத்தார் அனைவர்க்கும் பொதுவான நிதி. வாங்குவோன் மனம் மாறினால் அதுவும் இல்லை. 2017-ல் பிரித்தானியாவின் செயின்ஸ்பரி அங்காடி தன் சொந்தப் பெயரில் விற்ற தேயிலைக்கு இம்முத்திரையை விடுத்துத் தன் முறையொன்றை வகுத்துக்கொண்டபோது, நிதி தம் கையை விட்டுப் போகின்றதென்று ஆபிரிக்க உற்பத்தியாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மறுநாட் காலை மாணவர் ஒரு யோசனையோடு வந்தனர். முத்திரை கிடைக்காவிடினும் மிகைத்தொகையை நாமே கொடுத்துவிடலாம். ஐந்து கிலோவுக்கு 750 ரூபா. தொகையைத் திரட்டிக்கொண்டு அந்த அம்மையாரிடமே சென்று, இதனை எவ்வாறு செலவிடலாம் என்று கேட்டனர். அவர் சிரித்தார். "காசு வேணாம் தம்பி. நிறுவையில சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, அதக் கழிக்காம இருக்கச் சொல்லுங்க, போதும்."

திரும்பும் வழியில் ரெயிலிலே ஒரு மாணவன் கணக்கிட்டான். 1,350-ஐ 18-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75. இரண்டு கிலோ 150 ரூபா. எம் கற்பனைத் தோட்டத்துக்கு முத்திரை தந்த முப்பது ரூபாவைப் போல் ஐந்து மடங்கு, ஒரு தராசு முள்ளிலே இருந்தது.

நாட்கூலி உயர்ந்த வரலாற்றையும் அதன்பின் வகுப்பிற் படித்தோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்ட போராட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984-ல் வேலைநிறுத்தத்தின் பயனாக வந்தது. ஆயிரம் ரூபா 2021-ல் சம்பள நிர்ணய சபையின் வழியே வந்தது. இடையிலே 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்கைப் பறித்தன. 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்று எண்ணிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல் நிறைவேறிற்று. வாக்கில்லாத மக்களின் கூலியைப் பற்றிப் பேச ஆட்சியாளருக்கு அவசரம் இராது. முத்திரை முறையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி மிகைத்தொகையன்று. அதனைப் பங்கிடத் தொழிலாளர் தாமே குழுவைத் தேர்ந்தெடுத்தல் என்பதே. அக்குழு, தராசினருகேயும் நிற்குமாயின் முத்திரையை யாம் இன்னும் அதிகமாக மதிப்போம்.

விழாவுக்கு வேண்டிய தேயிலையை அத்தோட்டத்துத் தொழிற்சாலை வாயிலிலேயே வாங்கி வந்திருந்தோம். நியாயமானது என்று சொல்ல எமக்கு ஆதாரம் இல்லை. யார் பறித்தது என்று மாத்திரம் சொல்ல முடியும். நிறுவையிற் கழிவு பற்றி அதிகாரிக்கு மாணவர் கையொப்பத்துடன் பணிவான கடிதமொன்று அனுப்பினோம். இதனை எழுதும் வரை மறுமொழி இல்லை. விருந்தன்று தேநீர்க் கொதிகலத்தின் அருகே 67½ சதக் கணக்கை ஓர் அட்டையில் எழுதி வைத்தோம். பலர் நின்று வாசித்தனர். அவர்களுள் முதியவரான பழைய மாணவரொருவர் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் வாசித்துவிட்டு, கரண்டியைத் தூக்கிக் காட்டி, "தேயிலை சரி. சீனிக்குக் கணக்கு எங்கே?" என்றார். நாட்டின் சீனியிற் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. நம்மவர் மொரீசியசுக்கும் நேற்றாலுக்கும் பீஜிக்கும் கொண்டுசெல்லப்பட்டதும் கரும்புக்காகவே. மாணவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அடுத்த தவணைக்குரிய பாடக்குறிப்பில் அதனை எழுதியிருக்கின்றோம்.