சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள், எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். பெங்களூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் பத்துப் பேர், கல்யாணம் முடிந்ததும் இரண்டு நாள் எங்களோடு தங்குகிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி. கூட வருகிற பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே கொட்டாவி. “ஒரு நாள் தஞ்சாவூர், ஒரு நாள் மதுரை, முடிந்தது” என்கிறார் என் வீட்டுக்காரர். நம் ஊரில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லையா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூரையும் மதுரையையும் அவர்கள் என்றைக்காவது தாங்களே பார்த்துக்கொள்வார்கள். சித்தன்னவாசலுக்குத்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும்.

ஆனால் வைகாசி என்கிறீர்களே, அதுதான் பயம். நம் பக்கத்தில் பார்க்கத்தக்கது பாதிக்குமேல் பாறை மேல் இருக்கிறது. ஒருமுறை விருந்தாளிகளை நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நார்த்தாமலையில் ஏற்றிவிட்டு, தண்ணீரும் தீர்ந்து, உள்ளங்கால் கொப்புளத்தோடு இறங்கியவன் நான். அன்று பார்த்த சிற்பம் எதுவும் அவர்களுக்கு நினைவில்லை. கொப்புளத்தை மட்டும் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். அதனால் காலையில் ஓர் இடம், நாலு மணிக்கு மேல் ஓர் இடம், நடுவில் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை, கதவு திறக்கும்போதே சித்தன்னவாசலில் இருங்கள். ஊரிலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம்தான். சமணர் குடைவரையான அறிவர் கோயிலுக்குச் சில படிகள் ஏறியாக வேண்டும். சம்பந்தியம்மாவைக் கைபிடித்து மெதுவாக ஏற்றிவிடலாம். உள்ளே போய் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, “மங்கிப்போச்சே” என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். ஐந்து நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண் நிழலுக்குப் பழகியதும் விதானத்தில் முதலில் தாமரை இலைகள் பச்சையாகத் துலங்கும். பிறகு இலைகளுக்கு நடுவே மீன், பறவை, எருமை, யானை. அப்புறம்தான் குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிற ஆட்கள் கண்ணில் படுவார்கள். தூண்களில் ஆடும் பெண்களையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிச் சோதிக்காதீர்கள். உள்ளறையின் நடுவில் நிற்கவைத்து, வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். அறையே சேர்ந்து முனகும். அதற்குப் பிறகு கொட்டாவி வராது. கால் பலமுள்ளவர்கள் அப்படியே அதே குன்றில் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறலாம். துறவிகள் படுத்த வழுவழுப்பான 17 கற்படுக்கைகளும், தலைமாட்டில் தலையணைபோல் விட்ட மேடும், தமிழ் பிராமி எழுத்தும் அங்கே உண்டு. சம்பந்தியம்மா கீழே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.

மத்தியானச் சாப்பாடு வீட்டில். பிறகு ஒரு தூக்கம். தூக்கம் வராதவர்களுக்குத் திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

சாயங்காலம் நார்த்தாமலை. மேலமலையில் இருக்கும் விசயாலய சோழீச்சுரம் மேற்குப் பார்த்த கோயில். நாலரை மணிக்கு மேல் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். வெளியே சதுரம், உள்ளே கருவறை மட்டும் வட்டம். பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் எடுத்துக் கட்டினார் என்றும் கல்வெட்டு இருக்கிறது. எதிரே உள்ள குடைவரையில் 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏற முடியாதவர்களைக் கீழே முத்துமாரியம்மன் கோயிலில் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அதுவே மனநிறைவு. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை திருமயம். கோட்டையில் இளசுகள் ஏறட்டும், உச்சியில் பீரங்கி இருக்கிறது. பெரியவர்கள் அடிவாரத்தில், மலையிலேயே குடைந்த பெருமாளின் பள்ளிகொண்ட கோலத்தைப் பார்க்கட்டும். வெயில் ஏறியதும் வண்டியை ஆத்தங்குடிக்கு விடுங்கள், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் கூடத்துக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது பூ அப்படியே நிற்கும். அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மெருகு எதுவும் போடுவதில்லை. செய்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். திரும்பும் வழியில் கானாடுகாத்தான் வீடுகளைத் தெருவிலிருந்து பார்த்தாலும் போதும்.

குடுமியான்மலையை நான் வேண்டுமென்றே விட்டேன். அங்குள்ள இசைக் கல்வெட்டு, பாட்டுத் தெரிந்தவர் இல்லையென்றால் வெறும் எழுத்து வரிசைதான். வருகிற பத்துப் பேரில் சங்கீதம் கற்றவர் இருந்தால் நார்த்தாமலையை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆவுடையார்கோயிலையும் இந்த முறை தொடாதீர்கள். கல்லை மரம்போல் இழைத்து, ஆணி அடித்த மாதிரியே செதுக்கிய அந்தக் கொடுங்கையை அவசரத்தில் பார்ப்பது பாவம். தலை ஆடிக்கு மாப்பிள்ளை வருவாரே, அப்போது ஒரு முழுநாள் கூட்டிப்போங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து காலையில் வந்திறங்கும் நண்பருக்கு மாலை ரயில். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் இரண்டும் பார்த்தவர். அரை நாளில் எங்கே போகலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: மதுரை சாலையில் கொடும்பாளூர் மூவர் கோயில். வழியில் விராலிமலையில் மயில் கண்ணில் பட்டால் அது உபரி. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரில் ஒன்றும் கற்றளி, வரகுணா என்ற இரண்டு மனைவியர் பெயரில் ஒவ்வொன்றுமாகக் கட்டிய மூன்று கோயில்கள். நடுவில் உள்ளதும் தெற்கே உள்ளதும் முழுசாக நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.