குதிரையைக் கெடுப்பது மண்ணா, கையா?

நம்பிக்கை: நம்ம ஊர் வெயிலுக்குக் குதிரை தாங்காது.

உண்மை: இந்தப் பேச்சுக்கு எழுநூறு வயது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் குறித்திருக்கிறார். ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பலேறி வந்தவை அவை. கப்பலில் குதிரை வரும் காட்சியைத் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுர ஓவியத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஏன் செத்தன? லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை, சோறும் இறைச்சியும் தீனி என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் தெளிவு: 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தார்கள், பிறகு பழக்காமலே, அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினார்கள். வெயில் கஷ்டம்தான். ஆனால் இதைவிடக் கடுமையான வெயிலில்தான் கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகள் பிறந்து வளர்கின்றன. பழியை மண்மேல் போட்டால் நம் கை தப்பித்துவிடும், குதிரை தப்பிக்காது.

இங்கே பிறக்கும் குட்டிக்குக் கால் கோணும் என்றும் போலோ எழுதினார். அதற்கும் மண்ணைப் பழிக்குமுன் தீனியைப் பாருங்கள்: தவிட்டையே பிரதானத் தீனியாக்கினால் பாஸ்பரஸ் மிஞ்சி, கால்சியம் குறைந்து, எலும்பு பலவீனப்படும். இன்றும் பல தொழுவங்களில் இதுதான் நடக்கிறது.

நம்பிக்கை: குட்டியிலேயே அடித்து மடக்கினால்தான் பின்னால் அடங்கும்.

உண்மை: அடி வாங்கிய குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதக் கை வந்தால் வலி வரும். பிறந்ததும் குட்டியை அமுக்கிப் பிடித்து உடம்பெல்லாம் தேய்த்தால் ஆயுசுக்கும் பழகிவிடும் என்பதும் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. 2005இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், குட்டியைத் தொடவே இல்லை. முதல் ஐந்து நாள் தாய்க்குதிரையை மட்டும் மென்மையாகத் துலக்கி, கையால் தீனி கொடுத்தார்கள். அந்தக் குட்டிகள் ஒரு வயதிலும் மனிதரைக் கண்டு மிரளாமல் நெருங்கின.

ஆகவே தாயிடமிருந்து தொடங்குங்கள். குட்டி தானாக வரட்டும். பிடரி முடிகிற இடத்தில் விரலால் சொறிந்தால் கழுத்தை நீட்டி மேலுதட்டைத் துருத்தும், அதுதான் சம்மதம். அங்கிருந்து முதுகு, தொடை, பிறகு கால். குளம்பை ஒரு நொடி தூக்கி, அது உதறுவதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். இப்படிப் பழகியது பின்னாளில் லாடக்காரரை உதைக்காது.

நம்பிக்கை: சுழி சரியில்லாத குட்டி முரடாகும்.

உண்மை: சுழி தோலில் இருக்கிறது. முரட்டுத்தனம் வளர்ப்பில் வருகிறது.

நம்பிக்கை: இரண்டு வயதில் வண்டியில் பூட்டலாம்.

உண்மை: முதுகெலும்பு முழுதாக இறுக ஐந்து, ஆறு வயதாகும். பாரவண்டியும் பந்தயமும் காத்திருக்கட்டும்.

ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு மாதம் நிறையாமல் தாயைப் பிரித்த குட்டியை வாங்காதீர்கள். சுழியைத் தேடுமுன், நாலு காலையும் தூக்கக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.