ஆராயும் அறிவும் அடிபணியும் நெஞ்சும்

ஆராய்கின்றவன் ஆலயத்திற்கு வரமாட்டான், ஆலயத்திற்கு வருபவன் ஆராயக்கூடாது என்றோர் எண்ணம் ஊர்களில் பரவலாக இருந்து வருகின்றது. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளை வழிபாட்டைப் பற்றி ஏதேனும் வினவினால், "சாமி விடயத்தில் கேள்வி கேட்காதே" என்று பெரியவர்கள் வாயை அடைத்து விடுகின்றனர். அதன் பின்னர் பிள்ளை கேட்பதில்லை. காலப்போக்கில் கோயிலுக்கும் வருவதில்லை. இவ்வாறு கேள்வியைத் தடுப்பது சைவ நெறிக்கு உகந்ததுதானா என்பது சிந்திக்கத்தக்கதாகும்.

அம்மன் காட்டிய சான்று

கல்முனைக் கரையோரத்திலும் மட்டக்களப்புப் பகுதியிலும் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் சடங்கு நடைபெறுகின்றது. வழக்குரை பாடப்பட்டு, குளிர்த்தியும் இடம்பெறுகின்றது. மக்கள் தாயாக வணங்கும் அந்த அம்மனின் வரலாறே ஒரு வழக்குத்தான். தன் கணவன் கள்வனல்லன் என்று சொல்லிவிட்டு, நம்புங்கள் என்று கண்ணகி நின்றுவிடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் பாண்டியன். சபையிலே சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. ஆராயாமல் தீர்ப்பு வழங்கிய பிழையை உணர்ந்த மன்னன் உயிர் துறந்தான். சான்று காட்டி நீதி கேட்ட ஒருத்தியைத் தெய்வமாகக் கும்பிடும் மக்களுக்குச் சான்று கேட்பது எவ்வாறு அபசாரமாகும்?

சாத்திரங்களின் முறை

சைவ சித்தாந்த சாத்திரங்களும் இவ்வழியிலேயே அமைந்துள்ளன. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய மெய்கண்ட தேவரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களைக் கொண்டது. அவற்றின் பொருள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற ஒழுங்கில் விளக்கப்படுகின்றது. அதாவது, கருத்தைச் சொல்லி, காரணத்தைக் காட்டி, உதாரணத்தால் நிறுவுதல். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கடவுளே இல்லை என்னும் உலகாயதனின் கட்சியை முதலில் எடுத்துக் கூறி, அதன் பின்னரே மறுக்கின்றார். மாற்றுக் கருத்தைக் கேட்க அந்தப் பெரியார் அஞ்சவில்லை.

காரைதீவு தந்த துறவி

இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1892ஆம் ஆண்டு காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்றவர். 1916இல் கொழும்பில் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார்.

காவி உடுத்த பின்னர் அவர் கணக்கைக் கைவிட்டாரா? இல்லை. வழக்கொழிந்து போன யாழை மீட்டெடுக்கச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆராய்ந்தார். ஒரே இழுவிசையில் உள்ள நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும். இத்தகைய கணக்குகளைக் கொண்டு பழந்தமிழ் இசையை அவர் அளந்தார். நீண்டகால உழைப்பின் பயனான யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்தில் அரங்கேறியது. அந்நூலில் தேவாரப் பண்களுக்கென்றே தேவாரவியல் என்றொரு பகுதி உண்டு. அடுத்த மாதம் சுவாமிகள் இறையடி சேர்ந்தார்.

நரம்பு எத்தனை தடவை அதிர்கின்றது என்பதைக் கணக்குச் சொல்லும். அந்தத் தேவாரத்தைக் கேட்டு மனம் உருகும் ஒருவன் எப்படி வாழ வேண்டும் என்பதை அது சொல்லாது. கணக்கில் குறை உண்டென்பதல்ல, கேள்வியே வேறு. எந்தக் கேள்வியை எந்த அளவுகோலால் அளப்பது என்று அறிவதே விவேகமாகும்.

கடல் கேட்ட கேள்வி

2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்த விவேகம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. கடல் ஏன் பொங்கியது என்ற வினாவிற்கு விஞ்ஞானத்தில் தெளிவான விடை உண்டு. சுமாத்திராவிற்கு அப்பால் கடலடியில் புவித்தட்டுகள் நழுவியமையால் எழுந்த பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இக்கரையை அடைந்தது. அது தெய்வம் தந்த தண்டனை என்று சிலர் கூறினர். பால்குடிப் பிள்ளை செய்த குற்றம் என்ன? தமிழர், முஸ்லிம்கள் என்று அலை பிரித்துப் பார்த்ததா? பிறருடைய துயரத்தைப் பாவத்தின் பலன் என்று தீர்ப்பிடுவது, ஆராயாமல் பாண்டியன் வழங்கிய தீர்ப்பை ஒத்ததாகும்.

ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் புவித்தட்டின் விளக்கம் மட்டும் போதாது. அவள் அம்மன் சந்நிதியில் அழுதாள், அயலவர் அருகில் இருந்தனர். எழுந்து நடக்கும் பலத்தை அங்கேதான் பெற்றாள். எச்சரிக்கை கிடைத்தவுடன் மேட்டுநிலத்திற்கு ஓடுவதும், ஓடும்போது அம்மனை நினைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பெரியவர்களின் கடமை

பிள்ளைகள் கேட்கும்போது தெரிந்ததைச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்பதில் வெட்கமில்லை. ஆலய மணியோசை இன்ன நோயைத் தீர்க்குமென்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றெல்லாம் கைபேசியில் வருவனவற்றை விசாரியாமல் பிள்ளைகளுக்குச் சொல்வதைத் தவிர்த்தல் வேண்டும். அவற்றில் ஒன்று பொய்யென்று கண்டால், பிள்ளை மற்ற யாவற்றையும் பொய்யென்று தள்ளிவிடும். வழிபாட்டிற்குப் பொய்ச்சான்று தேவையில்லை.

இளைஞர்களும் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். ஆராய்வதென்பது முழுமையாக ஆராய்வதாகும். சாத்திரம் ஒன்றையேனும் படிக்காமல், சந்நிதியில் சிறிது நேரமேனும் அமைதியாக நில்லாமல், இதில் ஒன்றுமில்லை என்று கூறுவதும் விசாரியாத தீர்ப்பே.

கேள்வியோடு வரும் பிள்ளைக்கும் ஆலயத்தின் வாசல் திறந்திருக்கட்டும். அன்னையின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.