அரசுப் பள்ளி ஆசிரியை அவதூறு வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. ‘பாடமே நடத்துவதில்லை, தேர்வுக் கட்டணத்தில் கூடுதலாக வசூலித்தார்’ என்று ஒருவர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கணவரைப் பிரிந்து வாழும் என் நடத்தையையும் கேவலமாக எழுதினார். துறை விசாரணையில் என் மேல் தவறில்லை என்று முடிவாகிவிட்டது. அவர் எழுதிப் பதினொரு மாதமாகிறது. நஷ்டஈடு கேட்கலாமா?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: அவர் எழுதியது உங்கள் பணியைப் பற்றியா, தனி வாழ்க்கையைப் பற்றியா? வழக்கு இதில்தான் நிற்கும்.

ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994-இல், உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டது. அரசு அலுவலரின் கடமை சார்ந்த செயலைப் பற்றிப் பொய்யே வந்திருந்தாலும், உண்மையா என்று பாராமல் கண்மூடித்தனமாக வெளியிட்டிருந்தால்தான் நஷ்டஈடு. நியாயமாக விசாரித்தே எழுதியதாக எதிராளி நிரூபித்தால் அவர் தப்பிப்பார். பொய் என்பதோடு பகைமையும் நிரூபணமானால் தப்ப முடியாது.

நீங்கள் அரசு அலுவலர் என்றே எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே பாடம், கட்டணம் பற்றிய குற்றச்சாட்டில் வெல்வது கடினம். விசாரணை முடிவு அது பொய் என்று காட்ட உதவும்; அதுமட்டும் போதாது. உங்கள் நடத்தை பற்றிய பேச்சு வேறு. அதில் எந்தக் குடிமகளுக்கும் உள்ள பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. வழக்கின் பலம் அங்கேதான்.

விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தது பெரிய தவறு, அம்மா. துறை விசாரணைக்காகக் காலக்கெடு நிற்காது. நஷ்டஈட்டு வழக்குக்குப் பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான். மீதி ஒரே மாதம்! வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினாலும் கெடு நீளாது. குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் அரசு ஊழியரின் பணி பற்றி நல்லெண்ணத்தில் சொன்ன கருத்துக்கு அங்கும் விலக்கு இருக்கிறது.

பதிவின் நகலை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. அது இல்லாமல் வழக்கே இல்லை. குழுவில் உள்ள யாருடைய போனிலாவது இருந்தால், அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மின்னணுச் சான்றுக்கு, பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும்.

பணி தொடர்பான விமர்சனத்துக்காக நீதிமன்றம் போக, நடத்தை விதிகளின்படி அரசின் முன் அனுமதி தேவை. அதற்கும் இன்றே மனுக் கொடுங்கள்.

ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையல்ல. பதிவின் நகல், விசாரணை உத்தரவு, பணி ஆணை மூன்றையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.