டீசலில் தண்ணீர்: மழை மாதங்களில் மஞ்சள் விளக்கு எரிந்தால்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் டேஷ்போர்டில் ஒரு விளக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஃபில்டர் அல்லது பங்க் பம்ப் போன்ற ஒரு படம், பக்கத்திலோ அடியிலோ தண்ணீர்த் துளிகள். பெரும்பாலும் மஞ்சள் நிறம். சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைந்தால் கவலை இல்லை, விளக்கு தன்னைச் சோதித்துக்கொள்கிறது. இன்ஜின் ஓடும்போதும் அணையாமல் நின்றால் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அன்றைக்கே வடித்துவிடுங்கள். சர்வீஸ் நாள் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

வண்டி அப்போது நன்றாகத்தான் இழுக்கும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிவிடும். அங்கே இருக்கும் சென்சாரில் இரண்டு முனைகள் உண்டு. டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். தண்ணீர் அந்த முனைகள் வரை ஏறியதும் விளக்கு எரிகிறது. கிண்ணம் இன்னும் தாங்குகிறது, ஆனால் இடம் தீரப் போகிறது என்பதே அதன் செய்தி. கிண்ணம் நிரம்பினால் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டிப் பம்புக்குப் போகும்.

காமன் ரெயில் வண்டிகளில் டீசல் சுமார் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது; அதில் ஓடும் டீசலே வழவழப்பைத் தருகிறது. இடையில் தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும், துரு ஏறும், உதிரும் இரும்புத் தூள் இன்ஜெக்டர்களின் நுண்துளைகள் வரை போகும். பிறகு பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். ஒரு டாக்சிக்காரரின் பல மாத வருமானத்தை விழுங்கக்கூடிய செலவு அது. வடிப்பதற்கு ஆவது கால் மணி நேரம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் சூடு தணியும் வரை பொறுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்பு எதுவும் வேண்டாம். ஃபில்டர் சில வண்டிகளில் பானெட்டுக்குள் இருக்கும், லாரி, பிக்கப் சிலவற்றில் சேசிஸ் ஓரமாக இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அதன் அடியில் கண்ணாடிப் பாட்டில் ஒன்றைப் பிடித்து, வடிகால் திருகை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். சென்சார் வயரை இழுத்துவிடாமல் பாருங்கள். வரத் தயங்கினால் ஃபில்டர் தலையிலுள்ள கைப் பம்பை அழுத்துங்கள். முதலில் கலங்கலாக வரும். தெளிந்த டீசல் வந்ததும் திருகைக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும். பிறகு கைப் பம்ப் கெட்டியாகும் வரை அழுத்தி ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கைப் பம்ப் இல்லாத வண்டிகளில் சாவியை ஆன் நிலையில் சற்று நேரம் வைத்தால் மின்பம்ப் அந்த வேலையைச் செய்யும். ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வடித்த பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர், மேலே டீசல், நடுவே ஒரு கோடு தெரியும். கோட்டை ஒட்டிக் கருப்பாகக் கொழகொழப்பு இருந்தால் டேங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் அது வளரும். அந்த வண்டிக்கு டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். தண்ணீரைக் கரைத்துவிடும் என்று சொல்லி விற்கும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் சில, ஃபில்டர் பிடித்து வைத்த தண்ணீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டருக்கே அனுப்பிவிடும்.

வடித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் விளக்கு மறுபடி எரியும். டேங்க் காற்றில் உள்ள ஈரம் வியர்த்துத்தான் தண்ணீர் சேர்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது சொட்டுச் சொட்டாகச் சேர்வது. திடீரென்று விளக்கு எரிந்தால் முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். குட்டி யானை, பிக்கப், டிராக்டர்களில் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்தோ தொலைந்தோ இருப்பதும், மூடிக்குப் பதிலாகப் பாலித்தீன் கவர் கட்டியிருப்பதும் சாதாரணக் காட்சி. ஒரு வாஷரின் விலை மிகச் சொற்பம். இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

டீசல் போட்ட சற்று நேரத்தில் எரிந்தால் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்கியிருக்கக்கூடும். பில்லையும் வடித்த பாட்டிலையும் பத்திரப்படுத்துங்கள். தொட்டியில் விடும் அளவுகோலில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை தடவிச் சோதிக்கும் முறை பங்க்குகளில் உண்டு. அதைச் செய்துகாட்டக் கேளுங்கள், புகார்ப் புத்தகத்திலும் எழுதுங்கள். வெள்ளம் சூழ்ந்து மீண்ட பங்க்கிலும், டேங்கர் லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதும் போடாமல் இருப்பது நல்லது. இறக்கும் வேகத்தில் அடியில் கிடக்கும் தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வரும்.

டெல்டா விவசாயிகளுக்கும் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல் பேரலைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல் மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். பகலில் சூடேறிய பேரல் மழையிலும் இரவிலும் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, திருகு மூடியின் மரை வழியாகவே அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கூரைக்குள் வையுங்கள். முடியாவிட்டால் படுக்கப் போட்டு, இரண்டு மூடித் துளைகளும் டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள். ஊற்றும்போது அடியில் கிடக்கும் கடைசிப் பங்கை வண்டியில் விடாதீர்கள்.

கார்த்திகையில் சபரிமலைக்கு வேன் ஓட்டுபவர்கள் கிளம்பும் முன்பே ஒருமுறை வடித்துவிட்டு, கையில் ஒரு புது ஃபில்டரும் வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கல்லில் இரவு நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. மலைப் பாதையில் விளக்கோடு சேர்ந்து இன்ஜின் திக்கினாலோ வெள்ளைப் புகை வந்தாலோ ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். மேலே ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

வெள்ளத்தில் டேங்க் அளவுக்கு மூழ்கிய வண்டிக்கு இந்தக் கால் மணி நேர வைத்தியம் போதாது. சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தண்ணீர் ஏறிய தடம் தெரியும்படி படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டுக் கட்டி இழுத்துப் போங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் இழப்பீடு கிடைப்பது கடினம். உங்கள் பாலிசியில் இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவு இருக்கிறதா என்பதை மழை வலுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.