கிட்டார் 'கீ'யை மாற்றும் முன்...



ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பாட, நான் கிட்டார் வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பாட்டில் சுருதி கலைஞ்சு போச்சு. "பொண்ணு சுருதி விலகிட்டா"ன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் வாயே திறக்கல. வீட்டுக்கு வந்ததும், "கீ தேஞ்சிருக்கு, ஆறையும் மாத்தணும்"னு முடிவு பண்ணினேன். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

கீ எப்படி வேலை செய்கிறது?

வீணையின் பிரடை மரத்துக்குள் மரம் இறுகி நிற்கிறது. கிட்டார் கீ அப்படி இல்லை. நாம் திருகும் கைப்பிடியில் மறை போட்ட ஒரு தண்டு இருக்கும். கம்பி சுற்றும் தூணின் அடியில் ஒரு பல்சக்கரம் இருக்கும். தண்டு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் தண்டைச் சுற்ற முடியாது. அதனால்தான் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்தாலும் கீ தானாகத் திரும்புவதில்லை.

14:1, 18:1 என்றால்?

14:1 என்றால் கைப்பிடியை 14 சுற்று சுற்றினால் தூண் ஒரு சுற்று சுற்றும். தூணின் விட்டம் 6 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 18.9 மி.மீ. ஆக, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 14:1 கீ 1.35 மி.மீ. கம்பியை இழுக்கும், 18:1 கீ 1.05 மி.மீ. தான் இழுக்கும். நுட்பமாகச் சுருதி சேர்க்க 18:1 நல்லது. ஆனா அது சுருதியை இன்னும் கெட்டியா பிடிச்சு வைக்கும்னு அர்த்தம் இல்லை!

பென்சில் புள்ளிச் சோதனை

தூணிலும் பக்கத்து மரத்திலும் நேருக்கு நேர் பென்சிலால் புள்ளி வைத்தேன். அரை மணி நேரம் வாசித்தேன். மூன்றாம் கம்பி இறங்கியது, ஆனால் புள்ளி நகரவே இல்லை! அப்போ குற்றவாளி கீ இல்லை. கம்பி உட்காரும் 'நட்'டின் பள்ளத்தில் சிக்கி, பிறகு வழுக்கியிருக்கிறது. திருகும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் இதுதான் காரணம். பென்சில் கரியைத் தூளாக்கிப் பள்ளத்தில் தடவினேன், சரியாயிடுச்சு. இன்னொரு தப்பு என்னுடையது. சுருதி மேலே போனால் அப்படியே கீழே இறக்கி நிறுத்துவேன். அது கூடாது. நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது கீ மட்டும் நிஜமாகவே பல் தேய்ந்து ஆடியது. அதனால் கீ மாற்றத்தான் வேண்டியிருந்தது.

வாங்கும் முன் அளக்கவும்

இயற்பியல் ஆய்வகத்து வெர்னியர் அளவுகோலால் துளையை அளந்தேன். 8.3 மி.மீ. வந்தது. நான் ஆசைப்பட்ட மூடிய வகைக் கீக்கு 10 மி.மீ. துளை வேண்டும். துளையைப் பெரிசாக்கினா திரும்பச் சின்னதாக்க முடியாது. அது என் மாமா கொடுத்த கிட்டார். ஆகவே பழைய துளைக்கும் பழைய ஸ்க்ரூ இடத்துக்கும் பொருந்தும் திறந்த வகையையே வாங்கினேன்.

மாற்றும்போது:
1. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றவும்.
2. ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய தீக்குச்சியைச் செருகிக் காயவிடவும்.
3. ஸ்க்ரூவில் மெழுகு தடவி, கையால் மெதுவாக முடுக்கவும்.
4. தூணில் கம்பி 2 அல்லது 3 சுற்று இருந்தால் போதும்.

நண்பர்களே, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றாதீர்கள். ஆள் மேலயும் பழி போடாதீர்கள்.

தங்கச்சி, அன்னைக்கு விலகினது உன் குரல் இல்லம்மா. என் மூணாவது கம்பி. அன்னைக்கே மேடையில சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ. அடுத்த விழாவுல நீ பாடு, நான் சரியா சுருதி சேர்த்துட்டு வர்றேன்.

– 11-ஆம் வகுப்பு மாணவன்